காலடிச் சத்தத்தில் தொடங்கும் பாட்டு

சர்வாதிகாரத்துக்குத் தப்பிய பாட்டுகளைப் பற்றி எனக்கு முதன்முதலில் சொன்னவர் ஒரு போர்ச்சுகல்காரர். திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு சரக்கு வாங்கும் பையர் தரப்பில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவார். போர்ட்டோவுக்குப் பக்கத்தில் பார்சலோஸ் அவர் ஊர். அங்கேயும் நம்மைப் போலப் பின்னலாடைதான் பிழைப்பு. செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது காலால் தரையைத் தட்டிக்கொண்டே ஏதோ முனகுவார். ஒரு நாள் கரண்ட் போய் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அது என்ன பாட்டு என்று கேட்டேன். போனில் போட்டுக் காட்டினார்.

எடுத்ததும் பாட்டு வரவில்லை. சரளைக் கல்லில் பல பேர் ஒன்றாக நடக்கிற சத்தம். சரக், சரக், சரக். அப்புறம் ஒற்றைக் குரல். அது பாடியதை ஒரு கூட்டம் வாங்கிப் பாடுகிறது. வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது, கடைசி வரை அந்தக் காலடிதான் தாளம். எனக்குச் சட்டென்று எங்கள் ஊர் வள்ளி கும்மி ஞாபகம் வந்தது. ஆசிரியர் அடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் காலை மாற்றி வைத்து ஆடுமே, அதே நடை.

போர்ச்சுகல் பாடகர் ஜோசே அஃபோன்சோ 1971-இல் வெளியிட்ட இசைத்தட்டில் உள்ள பாட்டு அது. கிராண்டோலா என்ற சின்ன ஊரைப் புகழ்கிறது. போர்ச்சுகலில் 1926 முதல் 48 வருஷம் சர்வாதிகாரம். பத்திரிகையோ நாடகமோ பாட்டோ, தணிக்கைக்காரரின் நீலப் பென்சிலைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அஃபோன்சோவின் பல பாட்டுகளைத் தடுத்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள். தெற்கே அலென்டேஜோ பக்கம் விவசாயக் கூலிகள் தோளோடு தோள் சேர்ந்து நடந்தபடி பாடுகிற மெட்டு, ஊர்ப் பெருமை பேசும் வரிகள். இங்கே ஆள்வது மக்கள்தான் என்ற அடியும் அந்தப் பெருமைக்குள்ளேயே போய்விட்டது.

1974-இல் ராணுவத்தின் இளம் அதிகாரிகள் கலகத்துக்குத் திட்டமிட்டார்கள். ஏப்ரல் 24 இரவு 10.55-க்கு லிஸ்பன் வானொலியில் ஒரு காதல் பாட்டு வந்தால் தயாராக வேண்டும். நள்ளிரவு தாண்டி 12.20-க்கு திருச்சபையின் ரேடியோ ரெனாசென்சாவில் கிராண்டோலா வந்தால் கிளம்ப வேண்டும். அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் அரசு விழுந்தது. எனக்கு இதைச் சொன்ன போர்ச்சுகல்காரரின் அப்பா மில் தொழிலாளி. அவர் அந்தத் தட்டை வேறொரு தட்டின் உறையில் போட்டு வைத்திருந்தாராம். அன்றைக்குத்தான் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டோம் என்று சொல்லும்போது போர்ச்சுகல்காரருக்குக் குரல் கம்மிவிட்டது.

அவர் கதையைக் கேட்டதில் இருந்து எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொன்னதையும் சேர்த்தே யோசிக்கிறேன். அம்மிச்சிக்குக் கோவையை அடுத்த சூலூர்ப் பக்கம். 1942 ஆகஸ்ட் 26 இரவு சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தார்கள். அதற்கப்புறம் போலீஸ் ஊருக்குள் புகுந்து அடித்த அடியில், காந்தி பேரைச் சொல்லவே சனங்கள் பயந்தார்களாம். ஆனால் கம்பு குத்தும்போது பெண்கள் பாடாமல் இருக்கவில்லை. கோவணம் கட்டித் தடி ஊன்றிய ஆண்டி நடந்து வருகிறார் என்று பாடினார்கள். வெளியாள் கேட்டால் பழனி முருகன். உலக்கை பிடித்தவளுக்குத் தெரியும், அது யார் என்று. பயமாக இல்லையா என்று கேட்டதற்கு அம்மிச்சி, "பேரைச் சொன்னாத்தானே கண்ணு புடிப்பான்? பழனியாண்டவரைப் பாடுனா புடிப்பானா?" என்றார்.

மேடையில் பாடியவர்களுக்கு அந்த மறைப்பு அவ்வளவு உதவவில்லை. நாடக நடிகர் விசுவநாததாஸ் வள்ளி திருமணம் நாடகத்தில் வேலனாக வந்து, கொக்கு பறக்கிறது என்று பாடுவார். வெள்ளைக் கொக்கு யார் என்று கொட்டகைக்கே தெரியும், போலீசுக்கும் தெரியும். பாட்டுக்காகவே பல தடவை சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில், மேடையில் மயில் மேல் இருந்தபடியே உயிர் போனது. இன்றைக்கு வள்ளி கும்மி ஆடும் பிள்ளைகளுக்கு இவர் பேரைக் கட்டாயம் சொல்லித் தர வேண்டும் என்பது என் எண்ணம்.

சூலூர், சிங்காநல்லூர், இருகூர் பக்கம் அந்தக் காலத்தில் பாடிய கும்மிப் பாட்டோ கம்பு குத்தும் பாட்டோ வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், தயவுசெய்து மெட்டோடு போனில் பதிவு செய்து வையுங்கள். வரி பாதிதான் வருகிறது என்றாலும் பரவாயில்லை. பாட்டில் வரும் சாமி யார், கொக்கு யார், திருடன் யார் என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள். அது தெரிந்தவர்கள் இன்றைக்குத் தொண்ணூறு வயதில் இருப்பார்கள்.