சொந்தமாக நூல் வெளியிடுவோரின் விளம்பரச் செய்திகள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி:

மலையில் வசிக்கும் எங்களுக்கு ஊர் வாட்ஸ்அப் குழு வெறும் பொழுதுபோக்கு அன்று. மழை வலுக்கும் நாட்களில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே மண் சரிந்தது, எங்கே மரம் விழுந்தது, குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டுமா என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். தம் முதல் நாவலைத் தாமே அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் வெளியிட்ட ஒருவர், அந்தக் குழுவில் காலையில் அட்டைப்படத்தையும், பகலில் வாங்குவதற்கான இணைப்பையும், இரவில் "ஐந்து நட்சத்திரம் தாருங்கள்" என்ற வேண்டுகோளையும் வாரக்கணக்கில் இட்டுவந்தார். முகம் தெரிந்தவர் என்பதால் எவரும் கண்டிக்கவில்லை. ஒவ்வொருவராகக் குழுவின் ஒலியை நிறுத்திவைத்தார்கள். பின்னர் ஒரு மழைநாளில் பாதை அடைபட்ட செய்தி உரிய நேரத்தில் குழுவில் வந்தும், அதைப் பார்க்காமல் காப்பி மூட்டைகளுடன் இறங்கிய பக்கத்துத் தோட்டத்து வேன் பாதி வழியில் நின்று திரும்ப நேர்ந்தது.

அவர் தீய எண்ணம் உடையவர் அல்லர். இரண்டாண்டு உழைத்து எழுதிய நூல் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுமோ என்னும் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால், காப்பிப் பழம் பறிக்கும் பெண்களைப் பற்றிய அந்த நாவலை மற்ற எவரையும்விட நெருக்கமாகப் படித்திருக்கக்கூடியவர்கள் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள். அவர்களுக்கே நூலின் பெயரைக் கேட்டாலே சலிப்பு வரும்படி ஆகிவிட்டது. பின்னொரு நாள் தோழி ஒருத்தி வற்புறுத்தியதால் நான் அதைப் படித்தேன். பறிப்புக் காலத்துப் பனியில் விரல்கள் மரத்துப்போவதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்தபோது, இவற்றில் ஒரு பத்தியை மட்டும் ஒரே ஒரு முறை குழுவில் இட்டிருந்தால் போதுமே என்று மனம் நொந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, நூல் வடிவமைப்புப் பணி செய்பவர்:

ஏற்காட்டு அம்மா கூறியதுடன் தொழில் வழியாக நான் கண்டதைச் சேர்க்கிறேன். என்னிடம் நூல் வடிவமைக்க வந்த ஒருவர், எங்கிருந்தோ திரட்டிய கைபேசி எண்களுக்கெல்லாம் தம் கவிதைத் தொகுப்பின் இணைப்பை அனுப்பினார். பெற்றவர்களில் பலர் புகார் அளித்ததால் வாட்ஸ்அப் அவருடைய எண்ணையே முடக்கிவிட்டது. அவர் நடத்திவந்த ஜவுளி வியாபாரத்துக்கும் அதே எண் என்பதால், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லக்கூட வழியின்றித் தவித்தார். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆயினும் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்துவைத்தவர்களுக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும். நம்மை அறிந்தவர்களிடம் மட்டும் பேசும்படி அமைந்த அந்த ஏற்பாட்டை நான் நியாயமானதாகவே கருதுகிறேன்.

மின்னஞ்சலிலும் கட்டுப்பாடு இறுகியிருக்கிறது. நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர், தேவையற்ற அஞ்சல் என்று பெறுநர் குறிக்கும் அளவு 0.3 விழுக்காட்டை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்றும் கூகுள் 2024 பிப்ரவரி முதல் வலியுறுத்துகிறது. ஆயிரம் பேரில் மூவர் சலித்துக்கொண்டாலே சிக்கல் என்பது இதன் பொருள். நட்சத்திரம் கேட்டு நச்சரிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. உறவினரும் நெருங்கிய நண்பரும் எழுதும் மதிப்புரைகளையும், பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு எழுதப்படுபவற்றையும் அமேசான் ஏற்பதில்லை, கண்டறிந்தால் நீக்கிவிடுகிறது. இலவசப் படி கொடுக்கலாம், ஆனால் மதிப்புரை எழுதியே தீர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கக்கூடாது.

அஸ்தம்பட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஓர் இளம் எழுத்தாளர் வந்தார். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பின்னணியாகக் கொண்ட கதைகளை எழுதியவர். வந்தவர் விற்பனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு கதையை வாசிக்கலாமா என்று அனுமதி கேட்டு, வாசித்து முடித்ததும், பற்றவைப்பு வேலையைப் பற்றி ஒரு பெரியவர் கூறிய திருத்தத்தை நன்றியுடன் குறித்துக்கொண்டார். அடுத்த நூல் வரும்போது தெரிவிக்கலாமா என்று கேட்டு, விரும்பியவர்களின் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கினார். கிண்டிலின் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் நூலைச் சேர்த்தால், 90 நாள் ஒப்பந்தக் காலத்துக்குள் 5 நாட்கள் வரை அதை இலவசமாகத் தரும் வசதி உண்டு அல்லவா? அந்நாட்களைப் பற்றி அந்தத் தாளில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார். மறுபடி நினைவூட்டவில்லை. நானாகவே அதை என் பழைய மாணவியருக்கு அனுப்பினேன். அவர்களில் ஒருத்தி தன் கல்லூரியில் பேச அவரை அழைத்திருக்கிறாள்.

ஏற்காட்டு அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காப்பித் தோட்ட நாவலின் பெயரை எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். எங்கள் வட்டத்தில் அடுத்த மாதம் அதையே படிக்கலாம் என்று நினைக்கிறேன். எழுத்தாளருக்கு விருப்பமிருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.