வடலிப் பற்றை எரியுது: யன்னலைப் பூட்டினால் வெக்கை, திறந்தால் புகை

நாவற்குழியான்

வீட்டுக்குப் பின்னால இருக்கிற வடலிப் பற்றை முந்தநாள் பத்தினது. நெருப்பை நூர்த்தாச்சு, ஆனா உள்ளுக்குள்ள இன்னும் புகையுது. பகல் பரவாயில்லை. இரவு ஏழு மணிக்குப் பிறகு புகை முற்றத்தில வந்து படுத்தால் விடிய எட்டு மணி வரைக்கும் போகாது. ஓட்டு வீடு, சீலிங் இல்லை, ஏசி இல்லை. ஒரு அறைக்கு மட்டும் கொங்கிறீற் தட்டு. அம்மாவுக்கு 74 வயது, முட்டு வருத்தம் (ஆஸ்துமா). மகளுக்கு 3 வயது. "கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு உள்ள இருங்கோ" எண்டுதான் எல்லா இடத்திலயும் போட்டிருக்கு. அது ஏசி வீட்டுக்குச் சரி. எங்கட வீட்டுக்கு என்ன செய்யிறது? மூக்கில ஈரத்துணி கட்டினால் காணுமோ?

பனங்கூடல்

முதல்ல நேரத்தைப் பிடியுங்கோ தம்பி. வெக்கையும் புகையும் ஒரே நேரத்தில உச்சத்துக்கு வாறதில்லை. உங்களுக்கு இருக்கிற வழியே அதுதான்.

பங்குனி, சித்திரையில வாடை ஓய்ஞ்சிடும், சோளகம் இன்னும் எழும்பியிராது. பொழுதுபட நிலம் கெதியாக் குளிரும். அதுக்கு மேல நிக்கிற காற்று சூடாவே இருக்கும். அந்தச் சூட்டுக் காற்று சட்டிக்கு மூடி போட்ட மாதிரிப் புகையைக் கீழ அமத்தி வைச்சிருக்கும். விடிஞ்சு நிலம் சுட்டு, கடற்காற்றும் வரத் தொடங்கினாப்போலதான் மூடி திறபடும். அதனால காலமை 10 மணி தொடக்கம் பின்னேரம் 4 மணி வரை வீட்டை முழுக்கத் திறந்து விடுங்கோ. பொழுதுபட முன்னமே பூட்டிப் போடுங்கோ. மணம் வந்த பிறகு பூட்டினால் புகையை உள்ளுக்கு வைச்சுப் பூட்டினதாத்தான் முடியும்.

மத்தியானம் திறந்தாலும் சூடு இருக்கும், உண்மை. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியால தெற்கிலயிருந்து வடக்கே கடந்து போகும். யாழ்ப்பாணத்துக்கு முறை வாறது அந்தக் கடைசி நாட்களிலதான். அப்ப ஓட்டுக்குக் கீழ இருக்கிறதை விட வேம்பு, மாமர நிழல் நல்லது. புகை இல்லாத நேரத்தில அம்மாவை அங்க இருத்துங்கோ.

வயரிங்காரன்

இரவுக்கு அந்தத் தட்டு அறையைத்தான் எடுக்க வேணும். ஓட்டு வீட்டை அடைக்கேலாது, ஒவ்வொரு ஓட்டு இடுக்காலயும் புகை இறங்கும். ஆனா கொங்கிறீற் தட்டில ஒரு சிக்கல் இருக்கு: பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சு, படுக்கிற நேரம் பார்த்துக் கீழ கக்கும். காலமையே தட்டுக்கு மேல சாக்கை விரிச்சு நனையுங்கோ, மத்தியானமும் பின்னேரம் நாலு மணிக்கும் திரும்ப நனையுங்கோ. வெயில் தட்டில நேரா விழாமல் தடுக்கிறதுதான் முக்கியம். கிடுகு, ஓலை போட வேண்டாம். பக்கத்தில தணல் இருக்கேக்க ஒரு பொறி பறந்தாலே போதும்.

யன்னலுக்கு மேல இருக்கிற காற்றுத் துவாரங்களை ஆரும் கவனிக்கிறதில்லை. பெரும்பாலும் புகை அதாலதான் வரும். தடிச்ச பொலித்தீனை வெட்டி, நாலு பக்கமும் ரேப் ஒட்டுங்கோ. சுண்ணாம்புச் சுவரில ரேப் பிடிக்காது, முதல் ஈரத்துணியால துடைச்சுக் காயவிட்டுத்தான் ஒட்ட வேணும். வெளிப்பக்கக் கதவுக்குக் கீழ நனைச்ச துவாயை உருட்டி வையுங்கோ. வீட்டுக்குள்ள திறக்கிற கதவை மட்டும் ரேப் ஒட்டி அடைக்க வேண்டாம், மூண்டு பேர் இரவு முழுக்க மூச்சு விட வேணும்.

காற்றைச் சுத்தம் செய்யிற மெசின் வாங்கிறதெண்டால் பெட்டியில சி.ஏ.டி.ஆர் எண்டு ஒரு இலக்கம் இருக்கும், நிமிசத்துக்கு எத்தினை கன அடி காற்றைச் சுத்தமாக்கும் எண்ட கணக்கு. புகைக்கு, அறையின்ர சதுர அடிக்குக் குறையாத இலக்கம் வேணும்: 10 அடிக்கு 12 அடி அறைக்கு 120. சில பெட்டியில மணித்தியாலத்துக்குக் கன மீற்றர் எண்டு போட்டிருக்கும், அப்பிடிப் பார்த்தால் 200 அளவில. ஓசோன் விடுற மெசினை வாங்காதேங்கோ, அது நெஞ்சுக்குக் கூடாது.

காசு காணாட்டி, சதுரப் பெட்டி விசிறிக்குப் பின்பக்கம் மேர்வ் 13 தரமுள்ள (சின்னத் துகளையும் மறிக்கிற) மடிப்பு பில்ரரை ஒட்டலாம். பில்ரரின்ர ஓரத்தில ஒரு அம்புக்குறி இருக்கும். அது விசிறியைப் பார்த்தபடி இருக்க வேணும். பின்பக்கம் ஏனெண்டால், விசிறி இழுக்கிற இழுவையிலயே பில்ரர் ஒட்டி நிக்கும். முன்பக்கம் வைச்சால் தள்ளுப்பட்டு இடுக்கு விழும். நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் ரேப் சுத்துங்கோ, ஒரு விரல் இடுக்கு விட்டாலும் காற்று அதாலதான் போகும். பழைய விசிறியில இதைச் செய்யாதேங்கோ: காற்று குறைய மோட்டர் சுடும். ஆள் இல்லாத நேரம் நிப்பாட்டி வையுங்கோ. பில்ரர் சாம்பல் நிறத்துக்கு மாறினால் புதுசு போட வேணும், கழுவிப் போடேலாது.

அறைக்குள்ள நுளம்புத்திரி, சாம்பிராணி, மண்ணெண்ணெய் விளக்கு ஒண்டும் வேண்டாம். புகை மணத்தை மறைக்கச் சாம்பிராணி போடுறது நெருப்புக்கு விறகு வைக்கிற வேலை. நுளம்புக்கு வலை கட்டுங்கோ. இரவுச் சமையலைப் பொழுதுபட முன்னம் முடியுங்கோ.

மருந்துக்கடை அக்கா

ஈரத்துணி காணாது. அது பெரிய சாம்பலைத்தான் மறிக்கும். நெஞ்சுக்குள்ள போறது 2.5 மைக்ரோமீற்றருக்கும் சின்னத் துகள், தலைமயிரின்ர தடிப்பில முப்பதில ஒரு பங்கு. துணியும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் அதை மறிக்காது. என்95 அல்லது கேஎன்95 மாஸ்க் வாங்குங்கோ. போட்ட பிறகு ரெண்டு கையாலயும் மூடிப் பிடிச்சு ஊதிப் பாருங்கோ. மூக்கடியில காற்று கண்ணுக்கு அடிச்சால் கம்பியைத் திரும்ப அமத்த வேணும். தாடி இருந்தால் சரியா ஒட்டாது. மகளுக்கு இது பொருந்தாது, சின்னப் பிள்ளையைப் புகையிலயிருந்து விலத்தி வைக்கிறதுதான் வழி. அம்மாவுக்கு மாஸ்க்கோட மூச்செடுக்கக் கஷ்டமெண்டால் வற்புறுத்த வேண்டாம்.

அம்மாவின்ர பம்மை (மூச்சோட இழுக்கிற மருந்து, இன்ஹேலர்) தலைமாட்டில வையுங்கோ, எத்தினை தரம் மிச்சமெண்டு இண்டைக்கே பாருங்கோ. ஸ்பேசரோட (பம்மில பூட்டிற பிளாஸ்ரிக் குழாய்) எடுக்கேக்க ஒரு தரம் அமத்தி, நாலைந்து தரம் சாதாரணமா மூச்செடுத்த பிறகுதான் அடுத்தது. ரெண்டு மூண்டை ஒண்டா அமத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரில ஒட்டிப் போகும். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவுற சவர்க்கார நீரில கழுவித் தானாக் காயவிடுங்கோ. துணியால துடைச்சால் உள்ள மின்னேற்றம் பிடிச்சு, அதுவும் மருந்தை இழுக்கும். தடுப்புக்கு நாளாந்தம் எடுக்கிற பம் இருந்தால் அதை ஒருநாளும் விடக்கூடாது. ஒரு வசனத்தை முழுசாச் சொல்லேலாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கு இடையில தோல் உள்ள இழுபட்டால், உதடு நீலிச்சால் விடியும் வரை பார்க்காதேங்கோ, அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கோ.

வெக்கையையும் மறக்காதேங்கோ. அறையில ஒரு வெப்பமானி தொங்கவிடுங்கோ. 40 பாகைக்கு மேல போனால் விசிறி சூட்டைத்தான் உடம்பில அடிக்கும். அந்தளவுக்கு வரமுன்னமே, 35ஐத் தாண்டி அம்மா சோர்ந்தால் கை, கழுத்தை நனைச்சு விசிறி போடுங்கோ. குறையாட்டி அறையை விட்டு வெளிய எடுங்கோ. புகை இல்லாத சொந்தக்காரர் வீடு ஒண்டை இப்பவே பார்த்து வைக்கிறது நல்லம். ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்) கரைச்சால் ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணி, அரைப் பக்கற்றைக் கோப்பையில கரைக்கக் கூடாது. அதுவும் வேர்த்துக் களைச்சால்தான். இரத்த அழுத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவைக்கு டொக்டரைக் கேட்டுக் குடுங்கோ.

போனில பார்க்கிற காற்றுத் தரச் சுட்டெண் 100ஐத் தாண்டினால் அம்மாவும் பிள்ளையும் வெளிய போகக்கூடாது, 150ஐத் தாண்டினால் எல்லாருக்கும் கூடாது. 2022 டிசம்பரில பக்கத்தில ஒரு நெருப்பும் இல்லாமல், மாண்டஸ் புயல் நேரம் வடக்காலயிருந்து வந்த காற்றால தரம் கெட்டு, 9ஆந் திகதி பள்ளிக்கூடங்களைப் பூட்டினவை. அப்பிடியான நாளில சுட்டெண்தான் துணை. ஆனா பின்வளவு நெருப்புக்கு அந்த இலக்கத்தை நம்பாதேங்கோ: கருவி தூரத்தில இருக்கும், உங்கட முற்றத்துப் புகை அதுக்குத் தெரியாது.

நாவற்குழியான்

நன்றி அக்கா, அண்ணைமார். சாக்கு, பொலித்தீன் இண்டைக்கே பார்க்கிறன். பற்றைக்குள்ள புகையிறதை என்ன செய்யலாம்? மேலால தண்ணி ஊத்தினது, திரும்பத் திரும்ப வருது.

பனங்கூடல்

மேலால ஊத்தினால் நூராது. வடலி அடியில காய்ஞ்சு தொங்கிற காவோலை பத்தி, மட்டை வழியா அடிக்கட்டைக்குப் போயிருக்கும். அங்க நாள்கணக்காக் கனலும், காற்று வர ஒரு பொறி காணும். அலவாங்கால அடியைக் கிண்டித் திறந்து, தண்ணியை மெல்ல ஊத்தி, மண்ணோட சேறாக் கிளறி, திரும்ப ஊத்துங்கோ. பிறகு புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ. சூடு தெரிஞ்சால் இன்னும் நூரேல்லை. இதை மத்தியானத்துக்கு முன்னம் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கோ, பின்னேரம் கிண்டினால் அந்தப் புகைதான் இரவு வீட்டுக்கு வரும். வேலிக்கும் பற்றைக்கும் நடுவில விழுந்த ஓலை, சருகைக் கூட்டி வெறும் மண் தெரியிற மாதிரி விடுங்கோ. ஓலை வேலி எண்டால் நெருப்பு அதாலதான் வீட்டுக்கு நடந்து வரும்.

இதை வாசிக்கிற மற்றவைக்கு ஒண்டு: முகமாலை, கிளாலிப் பக்கம் அல்லது சண்டை நடந்த எந்தப் பற்றையாவது எரிஞ்சால் நூர்க்க உள்ள இறங்காதேங்கோ. மண்ணுக்குள்ள கிடக்கிற பழைய வெடிபொருள் சூட்டில வெடிக்கும். தள்ளி நிண்டு 110 (தீயணைப்பு) அல்லது 117க்கு (அனர்த்த முகாமைத்துவம்) சொல்லுங்கோ.

கிணத்துக்கு வலையோ சாக்கோ போட்டு மூடுங்கோ. சாம்பலைக் காய்ஞ்சபடி கூட்ட வேண்டாம், தண்ணி தெளிச்சுத்தான் அள்ள வேணும்.