வீட்டுக் குழு வேணுமா, வேண்டாமா? 220 குடும்பம், ஒரே ஐயர்

முன்றில்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன வாரத் திரியில் "சபை வளரணும்னா வீட்டுக் குழு ஒண்ணுதான் வழி" என்று பனையடி எழுத, "சபை உடையறதுக்கும் அதுதான் வழி" என்று கணக்குப்பிள்ளை பதில் போட, பேச்சு அப்படியே நின்றுவிட்டது. அதைத் தனித் திரியாக இங்கே தொடங்குகிறேன். வீட்டுக் குழு என்றால் சில குடும்பங்கள் வாரம் ஒரு தரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி வேதம் வாசித்து ஜெபிப்பது.

காற்றில் பேசாமல் ஒரு மாதிரி சேகரத்தை (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளை) வைத்துக்கொள்வோம். நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) டவுன் சபை. பதிவேட்டில் 220 குடும்பம். சாதாரண ஞாயிறு ஆராதனைக்கு 260 பேர், கிறிஸ்மஸ் அன்றைக்கு வெளியே பந்தல். ஐயர், அதாவது சபைப் போதகர், ஒருவர்தான், அவர் கையில் 3 கிராமச் சபைகளும் உண்டு. கமிட்டி 11 பேர். இந்தச் சபைக்கு முதல் வேலை எது? கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டுவது பற்றி யாரும் ஆரம்பிக்க வேண்டாம், புண்ணியமாய்ப் போகும்.

பனையடி:
முதலில் கணக்குப் போடுங்கள். ஐயர் ஒரு சாயங்காலத்துக்கு 3 வீடு சந்திக்கலாம். வாரத்தில் 3 சாயங்காலம் கிடைத்தால் 9 வீடு. 220 வீட்டை ஒரு சுற்று முடிக்க 24 வாரத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஆறு மாதம். இதில் அடக்க ஆராதனை, கல்யாணம், லெந்து (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம்) கூட்டங்கள், அசனம் (சபை விருந்து), கிராமச் சபைத் திருவிருந்து (நற்கருணை) எல்லாம் கழித்தால் வருஷத்துக்கு ஒரு தரம் வாசற்படி மிதித்தாலே பெரிது. பல வீட்டில் சாவு விழுந்தால்தான் ஐயர் வருகிறார். இதை அவர் சோம்பல் என்று பேசுவது அநியாயம்.

மாமனார் எத்திரோ மோசேயிடம் சொன்னதும் இதைத்தான். யாத்திராகமம் 18-ல் ஆயிரம்பேருக்கு, நூறுபேருக்கு, ஐம்பதுபேருக்கு, பத்துப்பேருக்கு என்று அதிபதிகளை வைக்கச் சொல்கிறார். நம்மிடம் ஆயிரம்பேருக்கு ஆள் இருக்கிறது, பத்துப்பேருக்குத்தான் இல்லை.

இது பெந்தெகொஸ்தே சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 1947-ல் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்த சபைகளில் மெதடிஸ்டுகளும் உண்டு. அவர்களுடைய வகுப்புக் கூட்டம் 1742-ல் பிரிஸ்டலில் பிறந்தது: 12 பேருக்கு ஒரு தலைவர், வாரம் ஒரு தரம் ஒவ்வொருவரையும் பார்ப்பார். அதுதான் வீட்டுக் குழுவுக்குத் தாத்தா.

கணக்குப்பிள்ளை:
தாத்தா கதையை முழுசாச் சொல்லுங்க தம்பி. அந்த 12 பேர் ஏற்பாடே கூடத்தின் கட்டடக் கடனை அடைக்க வந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, 12 பேரிடம் ஒருத்தர் வசூல், கொடுக்க முடியாத ஏழைக்கு வசூலிப்பவரே கைக்காசு போடணும். அப்படி வீடு வீடாப் போனபோதுதான் எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டைன்னு தெரிஞ்சது. அதைப் பார்த்து, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின வெஸ்லி வசூல்காரரையே விசாரிப்புக்காரராக்கினார். ஆக, கணக்குக் காட்ட வேண்டிய ஆள்தான் முதலில் வந்தார், ஜெபக்கூட்டம் பிறகு.

நம்ம ஊர் வீட்டுக் குழு எங்கே கெட்டுப்போகும்னு வரிசையாச் சொல்றேன்.

முதல்ல டிபன். முதல் வாரம் டீ, பிஸ்கட். மூணாவது வாரம் இட்லி, வடை. ரெண்டாம் மாசம் ஒருத்தர் வீட்டில் பிரியாணி. அடுத்த முறை வரக்கூடிய வீட்டுக்காரம்மா தையல் மிஷின் தள்ளி மாசம் ஓட்டுறவங்க. "எங்க வீட்டில் இடம் பத்தாது"ன்னு சொல்லி ஒதுங்குவாங்க, அப்புறம் கூட்டத்துக்கே வரமாட்டாங்க. ஏன்னு யாரும் கேட்கமாட்டாங்க.

ரெண்டாவது சீட்டு. பத்துக் குடும்பம் வாராவாரம் கூடினா யாராவது ஒருத்தர் சீட்டுப் பேச்சை எடுப்பார். ரெண்டு தவணை தவறினா குழு முடிஞ்சது. அந்த மனஸ்தாபம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெஞ்சு மாறி உட்காருவதில் தெரியும்.

மூணாவது எலக்‌ஷன். பத்து வீட்டுக்கு ஒரு தலைவர்னா முப்பது ஓட்டுக்கு ஒரு ஏஜெண்ட். குழு ஆரம்பிக்கிற அன்னைக்கே கமிட்டி எலக்‌ஷனுக்கு வேலை ஆரம்பம்.

கடைசியா, தலைவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்துட்டா இருபது குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுத் தகரக் கூரை போட்டுத் தனியா ஆராதனை. ஒரு தாலுகாவுக்கு எத்தனை வேணும்?

பனையடி:
நான்கும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நான்குக்கும் காரணம் ஒழுங்கு இல்லாததுதான். தொடங்கும் முன்பே எழுத்தில் வைக்க வேண்டியவை இருக்கின்றன.

எந்த வீடானாலும் டீ மட்டும். மீறி டிபன் வைத்தால் தலைவர் சாப்பிடாமல் எழுந்துவிட வேண்டும். ஒரு தரம் எழுந்தால் போதும், மறுபடி யாரும் வைக்க மாட்டார்கள். குழுவில் காணிக்கை எடுக்கக் கூடாது, கடன், சீட்டு, பாலிசி விற்பனை எதுவும் கூடாது. ஒருவருக்கு உதவி வேண்டுமானால் தலைவர் சேகரப் பொருளாளரிடம் சொல்ல வேண்டும், பணம் சபையிலிருந்து வவுச்சரோடு போக வேண்டும். குழுத் தலைவர் அடுத்து வரும் எலக்‌ஷனில் நிற்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒன்றிலேயே பாதிப் பேர் தானாக விலகிவிடுவார்கள். அது நல்லதுதான்.

நேரம் 7 மணிக்குத் தொடங்கி 8-க்கு முடிவு. இரண்டு பாட்டு, ஞாயிறு பிரசங்கத்தின் அதே வேதபகுதி, அதன் மேல் மூன்று கேள்வி, ஜெபம். கேள்விகளை ஐயர் எழுதித் தருவார். தலைவர் மொத்தம் 10 நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது. பிரிந்துபோகிற குழுக்களைப் பாருங்கள், எல்லாவற்றிலும் தலைவர் 40 நிமிஷம் பிரசங்கம் பண்ணியிருப்பார். சொந்தப் பிரசங்கம் தொடங்கினால் சொந்தச் சபைக்கு அதிக தூரமில்லை.

குழுவுக்கு 5 குடும்பம், பெரியவர்கள் 10 முதல் 12. 16 ஆனால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கு முதல் நாளிலிருந்தே ஒரு துணைத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். 220 குடும்பத்துக்கு 44 குழு வரும். ஒரேயடியாக 44 தொடங்கினால் நாசம். 4 போதும்.

ஓய்வுநாள்டீச்சர்:
ரெண்டு பேரும் பெரியவங்களையே பிடிச்சு உட்கார்ந்திருக்கீங்க. வளர்ச்சி ஒழுகிப் போறது பிள்ளைகள் பக்கம்.

மே மாசம் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, 10 நாள், 150 பிள்ளைங்க. ஜூன் ரெண்டாவது ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) 40. எல்லாச் சபையிலும் இந்தக் கதைதான், காரணமும் ஒண்ணுதான். பதிவு நோட்டில் பெயரும் வகுப்பும் இருக்கும், தெருவும் போன் நம்பரும் இருக்காது. பாட்டுச் சொல்லிக் கொடுத்த காலேஜ் பிள்ளைங்க ஜூன்ல ஹாஸ்டலுக்குப் போயிடுவாங்க. சின்னப் பிள்ளை தனக்குத் தெரிஞ்ச அக்காவைத் தேடி வரும், அக்கா இல்லைன்னா அடுத்த வாரம் வராது.

அதனால் ஜூன், ஜூலையில் வகுப்பு எடுக்கப்போற அதே டீச்சர்தான் மே மாசமும் அந்த 10, 12 பிள்ளைகளோடு இருக்கணும். முதல் நாளே சேர்க்கை அட்டை: வீட்டு விலாசம், பெற்றோர் போன், பெற்றோர் கையெழுத்து. வேற மதத்துப் பிள்ளைன்னா அந்தக் கையெழுத்து இல்லாம உள்ளே உட்கார வைக்கவே கூடாது. நாளைக்குப் பிரச்சனைன்னு வந்தா பதில் சொல்ல ஆள் இருக்காது. அதைவிட, கேட்டுச் செய்யுறதுதான் நேர்மை. கடைசி நாள் நிகழ்ச்சிக்குப் பெற்றோரைக் கூப்பிடணும். முடிஞ்ச 10 நாளைக்குள்ள ரெண்டு ரெண்டு டீச்சரா எல்லா வீட்டுக்கும் ஒரு நடை.

இன்னொண்ணு. ஆராதனை நேரத்திலேயே ஓய்வுநாள் பள்ளி நடத்துற சபைகளில் டீச்சர்மார் வருஷக்கணக்கா ஒரு பிரசங்கம் முழுசாக் கேட்டிருக்க மாட்டாங்க. ஊத்து வறண்டா என்ன இறைக்கிறது? மூணு வாரம் வகுப்பு, ஒரு வாரம் ஓய்வுன்னு சுழற்சி வைங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடத் தயாரிப்பு. இல்லாட்டி ஞாயிறு காலை கதவு பக்கத்தில் நின்னு புத்தகத்தைப் புரட்டுற பாடம்தான் நடக்கும்.

திடப்படுத்தல் (திருவிருந்தில் சேர்க்கிற சடங்கு) முடிஞ்ச பிள்ளைங்க காணாமப் போறதும் இப்படித்தான். வெள்ளை உடுப்புல போட்டோ எடுத்து, முதல் திருவிருந்து கொடுத்து, அடுத்த வாரம் ஒரு வேலையும் கொடுக்கமாட்டோம். மைக் செட், வேதவாசிப்பு, பாட்டு வரி ஓட்டுற கம்ப்யூட்டர், இதெல்லாம் 16 வயசுப் பிள்ளைக்கு வரும். அறுபது வயசு அண்ணாச்சி கையிலிருந்து சாவியை வாங்குறதுதான் பாடு.

தெருமுனை:
பனையடி அண்ணன், குழுவை எப்படிப் பிரிப்பீர்கள்? "தெரு வாரியாக" என்றுதான் சொல்வீர்கள். நம் ஊரில் தெரு என்றால் என்னவென்று இங்கே எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். தெரு வாரிக் குழு சாதிவாரிக் குழுவாகத்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரமாவது ஒரே கூரையின் கீழ் உட்காருகிறவர்களை மற்ற நாளிலும் பிரித்து வைக்க நாமே வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

சபை வளர்ச்சி என்பதை ஒரு படிப்பாகவே ஆக்கிய டொனால்டு மெக்காவரன் இந்தியாவில் பிறந்தவர், மத்திய இந்தியாவில் மிஷனெரியாக இருந்தவர். மனிதர்கள் தங்கள் இனம், மொழி, சாதி எல்லையைத் தாண்டாமல் கிறிஸ்தவர்களாகவே விரும்புகிறார்கள் என்பது அவர் கண்டது. ஆள் சேர்க்க அது வேகமான வழிதான். சேர்ந்த பிறகு கல்லறைத் தோட்டத்திலும் சுவர் கேட்பார்கள்.

அப்போஸ்தலர் 6-ஐ எடுத்துப் பாருங்கள். கிரேக்கரானவர்கள் தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் (தினசரி உணவு உதவியில்) திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுத்தார்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்தெடுத்த ஏழு பேர் பெயரையும் வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். முறுமுறுத்த பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தியைக் கொடுத்தார்கள். அதே அதிகாரம் 7-ம் வசனம்தான் சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்பது. நம் கமிட்டிகளில் முறுமுறுக்கிற தெருவுக்கு என்ன பொறுப்பு கொடுக்கிறோம்? அசனத்துக்கு இலை எடுக்கிற பொறுப்பு.

பனையடி:
இது என் கணக்கில் இல்லாத ஓட்டை, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு தெருவைச் சேர்த்து ஒரு குழு. தலைவர் ஒரு தெரு, துணை மறு தெரு. கூட்டம் மாறி மாறி இரண்டு தெரு வீடுகளிலும். ஒரு வீட்டில் டீ குடிக்க மறுக்கிறவர் தலைவராக இருக்க முடியாது. இப்படி வைத்தால்?

தெருமுனை:
அப்படி வைத்தால் பாதிக் குழு தொடங்கவே தொடங்காது. ஆனால் எந்தப் பாதி என்பது ஐயருக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே வைக்கலாம்.

முழுஇரவு:
பிரதர், நீங்க எல்லாரும் ரூல் போட்டே களைச்சுப் போயிட்டீங்க. கொரியாவில், சியோலில் பாஸ்டர் யோங்கி சோ 1958-ல் கூடாரத்தில் ஆரம்பிச்ச சபை உலகத்திலேயே பெரிய சபையாச்சு. உபவாசமும் ஜெபமும்தான். தலைவர் அபிஷேகம் பெற்றவரா இருந்தா போதும், கையெழுத்தெல்லாம் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
ஜெபத்தைக் குறைச்சுப் பேசலை. ஆனா நீங்க எடுத்த ஆளே எனக்குச் சாட்சி. 1964-ல் எல்லாத்தையும் தானே பார்த்து மேடையிலேயே சரிஞ்சு விழுந்த பிறகுதான் அவர் வீட்டுக் குழுக்களைக் கொண்டுவந்தார், பெரும்பாலும் பெண்களைத் தலைவராக்கி. அது அபிஷேகம் குறைஞ்சதால இல்லை, உடம்பு ஒண்ணுங்கிறதால. அதே மனுஷருக்கு 2014-ல் சபைப் பண விவகாரத்தில் கோர்ட் சிறைத் தண்டனை விதிச்சு நிறுத்தி வச்சது. அபிஷேகத்துக்கும் ஆடிட்டருக்கும் பகையில்லை பிரதர். காணிக்கைப் பையை எண்ணும்போது உறவுமுறை இல்லாத ரெண்டு பேர், ரெண்டு கையெழுத்து, திங்கட்கிழமை பேங்க். இதைச் செய்யாத சபையில் வளர்ச்சியைப் பத்திப் பேசுறதே வீண்.

முழுஇரவு:
கணக்கு விஷயம் சரி. ஆனா புதுசா வந்தவனை "நூதன சீஷன்"னு சொல்லி அஞ்சு வருஷம் பின் பெஞ்சில் உட்கார வைக்கிறதும் உங்க சபைகள்தானே? அப்புறம் எங்ககிட்ட வந்துட்டான்னு கோபம்.

ஓய்வுநாள்டீச்சர்:
அதுல நியாயம் இருக்கு. நம்ம வெள்ளாளன்விளைக்காரர் அசரியா 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயரானவர். அங்கே ஞானஸ்நானம் பெறுறவங்களைத் தங்கள் தலையிலேயே கையை வச்சு "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ"ன்னு சொல்ல வைப்பார். முதல் நாளே வேலை. நூதன சீஷன் கண்காணியாக (சபைத் தலைவராக) ஆகக் கூடாதுன்னுதான் பவுல் சொன்னார், நாற்காலி போடக் கூடாதுன்னு சொல்லலை.

கணக்குப்பிள்ளை:
சரி, கடைசியா என் கேள்வி. வளர்ந்துச்சுன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க? அடுத்த சபையிலிருந்து பத்துக் குடும்பம் பாட்டு நல்லாயிருக்குன்னு வந்தா அது ஆடு இடம் மாறினது, அவ்வளவுதான். பதிவேட்டில் 220 குடும்பம்னு இருக்கிறதில் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவங்க எத்தனை? சங்கக் காணிக்கை (சபைச் சந்தா) கட்டுறதுக்காகப் பேர் மட்டும் இருக்கிறவங்க எத்தனை? முதலில் அந்த நோட்டைத் திருத்துங்க. சேர்ந்தவங்களை நாலு பத்தியில் எழுதுங்க: சபைக் குடும்பத்தில் பிறந்தவங்க, வேற சபையிலிருந்து வந்தவங்க, விட்டுப்போய்த் திரும்பினவங்க, புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க. எதிரே போனவங்களுக்கும் ஒரு பக்கம், காரணத்தோட. அந்தப் பக்கத்தைக் கமிட்டி மேசையில் வாசிக்க எந்தச் செயலருக்கும் தைரியம் வராது.

முன்றில்:
இதுவரை ஒத்துக்கொண்டதை வைத்து ஒன்று முன்வைக்கிறேன். 4 குழு, 6 மாதம், பனையடி சொன்ன ஒழுங்கோடு, தெருமுனை சொன்ன பிரிப்போடு. தொடர்ந்து 3 ஞாயிறு வராதவரை நாலாவது ஞாயிறுக்கு முன் குழுத் தலைவர் பார்த்தாக வேண்டும். 15 நாளுக்கு ஒரு தரம் ஐயரோடு தலைவர்கள் ஒன்றரை மணி நேரம்: யார் வரவில்லை, யாருக்குச் சுகமில்லை, யார் ஊருக்குப் புதுசு, என்ன அவசரம். வீட்டு ரகசியம் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது, "ஜெபக் குறிப்பு" என்ற பெயரிலும்.

கணக்குப்பிள்ளை:
ஐயருக்கு 15 நாளுக்கு ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வரும்? கமிட்டி அவரை ஒவ்வொரு பிறந்தநாள் ஜெபத்துக்கும் கிரகப் பிரதிஷ்டைக்கும் கூப்பிடுறதை நிறுத்தட்டும். ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊரூரா சபையை நிறுத்தினதும் உபதேசிமாரை (ஐயருக்குக் கீழே வேதம் கற்பிக்கிறவங்களை) படிப்பிச்சுத்தான், எல்லா வீட்டுக்கும் தானே போய் இல்லை. கமிட்டி 11 பேரும் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஐயருக்குப் பதில் உபதேசியார் ஜெபிச்சாப் போதும்னு எழுதிக் கொடுத்தா, நான் என் எதிர்ப்பை வாபஸ் வாங்குறேன்.

பனையடி:
11-ல் எத்தனை கையெழுத்து விழும் என்று நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
மூணு. அந்த மூணு பேரையே முதல் மூணு குழுவுக்குத் தலைவராப் போடுங்க. நாலாவது ஆளை ஓய்வுநாள்டீச்சர் அம்மா சொல்லட்டும்.