பகலில் தூங்கும் குடும்பம்: கதைக்கு உதவி வேண்டும்

வணக்கம். 2080இல் நடக்கிற காதல் கதை ஒன்று பாதியில் நிற்கிறது. ஈரக்குமிழ் வெப்பநிலை (வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு) 35 டிகிரியைத் தொட்டால் வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க முடியாது. நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. அதனால் என் கதையில் கோடை முழுக்க ஊரே பகலில் தூங்கி, இரவில் வேலைக்குப் போகிறது.

அவளுக்கும் இரவு வேலை. அவன் மட்டும் பகலில் விழித்திருந்து குளிரூட்டும் எந்திரங்களைக் கவனிப்பவன். சந்திப்பது விடியலில் அரை மணி நேரம். அவள் ஈரத் துண்டை அவன் கழுத்தில் போடுவதற்குள் அவன் கண்ணசந்துவிடுகிறான். இதுவரை சரி.

சிக்கல் அவனுடைய அம்மா. கரியமில வாயு போன்றவற்றின் உமிழ்வு குறையாவிட்டால் 2100க்குள் கடல் மட்டம் ஒரு மீட்டர் வரை உயரலாம் என்கிறார்கள். வாசலில் உப்புத் தண்ணீர் நின்றும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள். நான் எழுதினால் வெறும் பிடிவாதக் கிழவியாகிவிடுகிறாள், எனக்கே பிடிக்கவில்லை.

வெள்ளத்திலோ கடலரிப்பிலோ வீட்டை இழந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கிளம்பும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசியாக எதைக் கையில் எடுத்தார்கள்? அப்புறம், வேறு வேறு ஷிஃப்டில் வேலை பார்க்கும் தம்பதிகளே, சண்டையை எப்போது போடுகிறீர்கள்?