Re: கொடிப் பட்டையின் ஓரத்து மெல்லிய நிறத்துக்கு என்ன சொல்?

வணக்கம்.

கரீபியன் தீவு நாடான டிரினிடாட் – டொபாகோவின் கொடியைப் பற்றி எழுதும் நண்பர், 'ஃபிம்பிரியேஷன்' (fimbriation), அதாவது கொடியில் ஒரு பட்டை அல்லது உருவத்தின் ஓரமாக ஓடும் மெல்லிய நிறம், இதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டிருந்தார். இதுவரை குழுவில் வந்தவை: குஞ்சம், விளிம்பு, இடைக்கோடு, கரை.

'குஞ்சம்' லத்தீன் வேரைப் பார்த்துச் செய்த சொல். வேர்ச்சொல்லுக்கு இழைத்தொங்கல் என்று பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் கொடியில் எதுவும் தொங்கவில்லையே! இதை விட்டுவிடலாம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 1962 ஆகஸ்ட் 31 அன்று விடுதலையோடு ஏறிய கொடி அது. கார்லைல் சாங் என்ற ஓவியர் வரைந்தது. சிவப்புத் துணியில், கம்பப் பக்கத்து மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கீழ்மூலைக்கு ஒரு கரும்பட்டை இறங்குகிறது. பட்டையின் இரு பக்கமும் வெள்ளை. கொடியின் நீளத்தை 30 பங்காக வைத்தால் கருப்புக்கு 4 பங்கு, வெள்ளைக்குப் பக்கத்துக்கு ஒரு பங்கு. அந்த வெள்ளையை எடுத்துவிட்டால் தூரத்தில் சிவப்பும் கருப்பும் ஒன்றில் ஒன்று கலங்கிவிடும். ஐரோப்பியச் சின்னவியலில் (கேடயங்களிலும் கொடிகளிலும் வரும் குலச்சின்னங்களை வகுக்கும் மரபு) இதற்கு ஒரு பழைய விதியே உண்டு: அடர்நிறத்தை அடர்நிறம் தொடக்கூடாது, நடுவில் வெள்ளையோ மஞ்சளோ வர வேண்டும்.

பிரிப்பது மட்டும்தான் வேலை என்றால் 'இடைக்கோடு' போதும். ஆனால் அந்த வெள்ளைக்குத் தனிப் பொருளே சொல்லியிருக்கிறார்கள்: தீவுகளைச் சூழ்ந்த கடல், எல்லா மனிதரும் சமம் என்ற எண்ணம். செயின்ட் லூசியாவிலும் அப்படித்தான். டன்ஸ்டன் செயின்ட் ஓமர் வரைந்து 1967இல் ஏற்கப்பட்ட கொடியில், கருமுக்கோணத்தின் ஓரத்து வெள்ளையும் அந்தக் கருப்பும் சேர்ந்து இரு இனங்கள் கூடி வாழ்வதைக் குறிக்கின்றன. அகலமும் பொருளும் உள்ள ஒன்றைக் கோடு என்று சுருக்க எனக்கு மனமில்லை. 'விளிம்பு' இன்னும் மோசம். எதற்கும் விளிம்பு உண்டு, அதற்கு நிறம் வேண்டியதில்லை.

மிச்சம் 'கரை'. வேட்டிக் கரை நமக்குத் தெரியும்: அகலம் உண்டு, நிறம் உண்டு, துணியோடு சேர்ந்தே இருக்கும். (கட்சிக் கொடியின் நிறத்தைக் கரையில் காட்டும் ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை.) நானும் இதற்கே கை தூக்கியிருப்பேன், கிரெனடா குறுக்கே வராதிருந்தால்.

1974இல் ஏறிய கிரெனடா கொடியைச் சுற்றி நாலு பக்கமும் சிவப்பு ஓடுகிறது; மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு மஞ்சள் விண்மீன்கள் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. வேட்டிக் கரைக்கு அச்சு அசல் இணை அதுதான். டிரினிடாடின் வெள்ளைக்குக் 'கரை' என்று கொடுத்துவிட்டால் கிரெனடாவின் சிவப்பை என்னவென்று சொல்வது?

ஆகவே என் முன்மொழிவு: கொடியைச் சுற்றி ஓடுவது கரை, இரண்டு நிறங்களுக்கு நடுவே ஓடுவது இடைக்கரை.

எழுதிப் பார்த்தேன். "சிவப்புக் களம், வெள்ளை இடைக்கரையிட்ட கரும்பட்டை." "செயின்ட் கிட்ஸ் – நெவிஸ் கொடியில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சள் இடைக்கரையிட்ட கரும்பட்டை, அதில் இரண்டு வெள்ளை விண்மீன்கள்." படிக்கும்போது தடுக்கவில்லை.

ஜமைக்காவின் மஞ்சளும் பச்சையையும் கருப்பையும் பிரிக்கத்தானே செய்கிறது, அதுவும் இடைக்கரையா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இல்லை என்பேன். அங்கே மஞ்சள் பெருக்கல் குறி போன்ற ஒரு தனி உருவம். எந்தப் பட்டைக்கும் அது ஓரமாக நிற்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கொடியின் முதல் வரைவில் இதே நிறங்கள் கிடைப்பட்டைகளாக இருந்தன, நடுவே கருப்பு, அதன் இரு ஓரமும் மஞ்சள். அது அப்போதைய தங்கனீக்கா (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) கொடியை அப்படியே ஒத்திருந்ததால் மாற்றினார்கள். ஆக, அதே மஞ்சள் முதல் வரைவில் இடைக்கரை, 1962 ஆகஸ்ட் 6 அன்று ஏறிய கொடியில் இடைக்கரை அல்ல. நிறமும் அகலமும் இதைத் தீர்மானிப்பதில்லை, ஒரு பட்டைக்கோ உருவத்துக்கோ ஓரமாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி. சொல்லின் வரையறையில் இந்த வரியைச் சேர்த்துவிடலாம்.

ஆண்டிகுவா – பார்புடாவை இந்தப் பட்டியலில் இழுக்க வேண்டாம். அங்கே கருப்பு, நீலம், வெள்ளை மூன்றும் தனித்தனிப் பட்டைகள். கருப்பும் நீலமும் நேராகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன, சின்னவியல் விதியைப் பற்றிக் கவலையே படாமல்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். 'கம்பப் பக்கம்' என்று மேலே போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்கும், காற்றில் அடிக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் சொல் முடிவாகவில்லை. அவற்றைத் தனி இழையில் பேசலாம்.

அன்புடன்.