வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைத்தேன், மைலேஜும் குறைந்துவிட்டது: டயரில் எத்தனை பவுண்டு வைப்பது?

வைகைவாசி:
வணக்கம். ஒன்பது வருட ஹாட்ச்பேக், பெட்ரோல் வண்டி. 88 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மார்ச் வரை ஊருக்குள்ளேயே லிட்டருக்கு 18.2 கொடுத்தது. இரண்டு மாதமாக 16.1தான். டேங்க்கை நிரப்பி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்த கணக்கு இது. டேஷ்போர்டு காட்டுவதை நம்பிச் சொல்லவில்லை.

இடையில் நான் மாற்றியது ஒன்றே ஒன்று. ஏப்ரலில் வழக்கமாகப் போகும் பங்க்கில் காற்று பார்க்கச் சொன்னேன். 34 காட்டியது. காற்றடிக்கும் பையன், "சார், இந்த வெயில்ல இவ்ளோ இருந்தா ரோட்டுலயே வெடிச்சிரும், 28 போதும்" என்று நான்கிலும் இறக்கிவிட்டான். நல்லதுக்குத்தானே சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே 28.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். மாமனார், "கத்திரி வெயில், இன்னும் ரெண்டு குறை" என்கிறார். மச்சான், "நாற்பது வைங்க மாமா, வண்டி மிதக்கும்" என்கிறான். டயரின் பக்கவாட்டில் 44 என்று அச்சிட்டிருக்கிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?

நாலுவழிச்சாலை:
மச்சான் பக்கம்தான் நான். நான்கு வருடமாக 40 வைக்கிறேன். ஸ்டியரிங் லேசாகத் திரும்புகிறது, மைலேஜும் பரவாயில்லை. 44 வரை தாங்கும் என்று டயர் கம்பெனியே போட்ட பிறகு என்ன பயம்?

நாமக்கல் டயர்கடை:
நாலுவழிச்சாலை தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டயரில் தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளை, அதாவது நடுப் பட்டனையும் ஓரப் பட்டனையும், விரலால் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் மொட்டையாகியிருக்கும். அதிகக் காற்றில் டயர் நடுவில் புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். பிடிப்பு குறையும், அவசரத்துக்கு பிரேக் அடித்தால் நிற்கும் தூரம் கூடும். பள்ளத்தில் இறங்கினால் அடியெல்லாம் உங்கள் முதுகுக்கு.

44 என்பது அந்த டயரில் வைக்கக்கூடிய உச்சம். அதே அளவு டயர் நான்கைந்து மாடல் வண்டிகளில் ஓடும். உங்கள் வண்டியின் எடைக்கு எவ்வளவு வேண்டும் என்று டயர் கம்பெனிக்குத் தெரியாது, வண்டி செய்தவருக்குத்தான் தெரியும். டிரைவர் கதவைத் திறந்து தூணில் பாருங்கள், ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். பவுண்டுக்குப் பதில் கேபிஏ (கிலோபாஸ்கல்) என்ற அழுத்த அளவைப் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், 220 கேபிஏ என்றால் 32 பவுண்டு.

வைகைவாசி சார், உங்களிடம் இரண்டு கேள்வி. அந்த பங்க் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? முன் டயர்களில் இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கிறதா? அப்புறம், சின்னதாக ஒரு காற்று மீட்டர் வாங்கி, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் விடிகாலையில் அளந்து சொல்லுங்கள்.

வைகைவாசி:
அண்ணே, ஒன்பது வருடத்தில் இன்றைக்குத்தான் அந்த ஸ்டிக்கரையே பார்க்கிறேன். முன்னால் 30, பின்னால் 30. முழு லோடுக்கு முன்னால் 30, பின்னால் 36.

பங்க் 14 கிலோமீட்டர். ஆபீஸ் விட்டு வரும்போதுதான் காற்று பார்ப்பேன். மீட்டர் வாங்கி இன்று காலை ஆறு மணிக்கு அளந்தேன். இடது முன் 21, வலது முன் 24, பின்னால் இரண்டும் 24. ஸ்டெப்னியில் 12! முன் டயர்களின் ஓரமும் நீங்கள் சொன்ன மாதிரியே தேய்ந்திருக்கிறது.

நாமக்கல் டயர்கடை:
நினைத்தேன். ஸ்டிக்கரில் உள்ள அளவு ஆறிய டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி, அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓட்டி வந்த வண்டி. 14 கிலோமீட்டர் ஓடி வந்தால் டயர் சூடேறி உள்ளே மூன்று, நான்கு பவுண்டு தானாகக் கூடும். அன்று நீங்கள் பார்த்த 34, உண்மையில் சரியான 30. அந்தப் பையன் சூட்டில் ஏறியதை "அதிகம்" என்று இறக்கிவிட்டான், ஆறியதும் 24க்கு வந்து நின்றுவிட்டது.

வெயிலில் காற்று விரியும், அதனால் குறைத்து வை என்பது எங்கள் தொழிலிலேயே பாதிப் பேர் சொல்வதுதான். பத்து டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை பவுண்டு கூடும். ரோட்டுச் சூட்டில் 25 டிகிரி ஏறினாலும் 30 என்பது 34 ஆகும். அதையும் கணக்கில் வைத்துத்தான் 30 என்று போட்டிருக்கிறார்கள். அந்த 44கூட ஆறிய டயருக்கான உச்சம்தான்.

வெடிக்கிற டயர் பெரும்பாலும் காற்று குறைந்த டயர். காற்று போதாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச்சுவர் மடங்கி விரியும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் மடங்கும் இடம் கையைச் சுடும் இல்லையா, அதே கதை. மணிக்கு 100இல், ஐந்து பேரோடு, மே மாதத் தார்ச்சாலையில் இரண்டு மணி நேரம் அப்படிச் சுற்றினால் உள்ளே ரப்பரும் நூலும் பிரிய ஆரம்பிக்கும். கடைக்கு வரும் வெடித்த டயர்களைக் கழற்றிப் பார்த்தால் உட்சுவரைச் சுற்றிக் கறுப்பாக ரப்பர் தூள் உதிர்ந்திருக்கும். அந்த டயர் ரொம்ப தூரம் தொய்ந்தே ஓடியது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். பக்கத்தில் காற்றுக்கு வழி இல்லையென்றால், காலையில் வீட்டில் அளந்து குறையை எழுதிக்கொள்ளுங்கள். 24 இருக்கிறது, 30 வேண்டும், குறை 6. பங்க்குக்குப் போனதும் அங்கே எது காட்டினாலும் அதோடு 6 கூட்டி அடிக்கச் சொல்லுங்கள். 28 காட்டினால் 34.

கணக்குப்பிள்ளை:
காற்று விஷயத்தில் அண்ணன் சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் மைலேஜ் கணக்கு இடிக்கிறதே. நான்கு டயர்களின் சராசரி ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. உங்கள் சராசரிக் குறை ஏழு பவுண்டு என்றே வையுங்கள், 1.4 சதவீதம்தான். லிட்டருக்குக் கால் கிலோமீட்டர். நீங்கள் இழந்தது 2.1 கிலோமீட்டர். ஏசியில் கொஞ்சம் போயிருக்கும், அப்போதும் மிச்சம் நிற்கிறது.

இன்னொன்று. நான்கு டயரையும் ஒரே நேரத்தில், ஒரே மீட்டரில் 28க்கு இறக்கினார்கள். ஆறிய பிறகு நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? மூன்று 24இல் நிற்கும்போது இடது முன் மட்டும் ஏன் 21? ஒன்று, அதில் கசிவு. அல்லது பங்க்குக்கு வரும்போது அந்தச் சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்திருக்கிறது. சூடு அதிகமான டயரை அதே 28க்கு இறக்கினால் ஆறும்போது அதுதான் அதிகம் இறங்கும்.

எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் இப்படி ஆகும், மைலேஜும் போகும். நான்கையும் காலையில் 30க்கு நிரப்பி இரண்டு ராத்திரி விடுங்கள். வால்வு மேல் சோப்புத் தண்ணீர் வைத்தும் பாருங்கள். அளவு இறங்கவில்லையென்றால் கசிவு இல்லை. அப்புறம் பத்து கிலோமீட்டர், அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு ரிம் பக்கத்திலும் கையைக் காட்டுங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் காட்டினாலே தெரியும்.

அரைடேங்க்:
நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். நைட்ரஜன் அடித்தால் இந்தச் சூட்டுப் பிரச்சினையே இல்லை என்கிறார்களே? மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பதும் உண்மையா?

கணக்குப்பிள்ளை:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும். கசிவு மட்டும் கொஞ்சம் மெதுவாக நடக்கும். இலவசமாகக் கிடைத்தால் அடியுங்கள்.

மழைக்குக் குறைப்பது தலைகீழ் யோசனை. தேங்கிய தண்ணீரில் டயர் தரையை விட்டு மிதக்கும் வேகத்துக்கு நாசா 1963இல் ஒரு சூத்திரம் போட்டது. விமான டயருக்கானது, ஆனாலும் போக்கு தெரியும். 30 பவுண்டுக்கு அது மணிக்கு 91 கிலோமீட்டர். 21 பவுண்டுக்கு 76. காற்று குறையக் குறைய முன்னதாகவே மிதக்கும். சேற்றிலும் மணலிலும் குறைக்கும் பழக்கத்தை யாரோ தார்ச்சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வைகைவாசி:
இடையில் ஒரு கேள்வி. டயரில் காற்று குறைந்தால் விளக்கு எரியும் டிபிஎம்எஸ் வாங்கிப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை விடுமா?

கணக்குப்பிள்ளை:
போடலாம், ஆனால் எண்களைக் காட்டும் வகையாகப் பாருங்கள். அது அமெரிக்காவில் கட்டாயமான கதையும் இதே விவகாரம்தான். 2000இல் ஃபயர்ஸ்டோன் என்ற டயர் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பங்கு ஓடிய எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு, அதைச் செய்த ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பவுண்டு, டயர்காரர்கள் 30 இருந்திருக்க வேண்டும் என்றார்கள். டயர்க் கோளாறா, காற்றுக் குறைவா என்று இரு கம்பெனிகளும் மோதிக்கொண்டன. அதன் பிறகு வந்த சட்டத்தில், ஸ்டிக்கர் அளவில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்றார்கள். 30க்குக் கால் பங்கு போனால் 22.5. உங்கள் 24 பவுண்டு டயர்கள் மூன்றுக்கும் அந்த விளக்கு எரிந்தே இருக்காது.

வைகைவாசி:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

இரண்டு ராத்திரி நிறுத்திப் பார்த்தேன், நான்கும் 30இலேயே நின்றன. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கையைக் காட்டினால் இடது முன் ரிம் மட்டும் தோசைக்கல். மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினார், அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகர உதவும் கம்பி (‘பின்’) துருவேறி இறுகியிருந்தது. உள்பக்க பேடு தகடு வரை தேய்ந்துவிட்டது. இதோடு சென்னைக்குக் கிளம்பியிருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பேடு மாற்றி, அந்தக் கம்பியைத் தேய்த்து கிரீஸ் வைத்து, அலைன்மென்டும் பார்த்தாயிற்று. ஸ்டெப்னியும் நிரப்பியாயிற்று.

முன்னால் 30, பின்னால் 36 வைத்து விடிகாலையில் கிளம்பினோம். திருச்சி தாண்டி டீக்கு நிறுத்தியபோது அளந்தேன். முன்னால் 34, பின்னால் 40. இறக்கிவிடலாமா என்று கை துறுதுறுத்தது, மீட்டரை மடக்கி உள்ளே வைத்துவிட்டேன். திரும்பி வந்ததும் பின்னாலும் 30 ஆக்கி, ஊருக்குள் ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்தேன், 17.7 வந்திருக்கிறது. ஏசி இல்லாமல் பார்க்க இந்த வெயிலில் தெம்பில்லை.

மாமனார் மட்டும் பின் சீட்டில் உட்கார்ந்து விழுப்புரம் வரை, "நாற்பதாம்ல, நாற்பது" என்று முனகிக்கொண்டே வந்தார்.