தோழியின் பிருத்வி தியேட்டர் கட்டுரைக்கு எப்படிக் கருத்து எழுதுவது?

செம்பூர்க்காரி:
எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு விக்கிப்பீடியா கட்டுரை எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கருத்து சொல்ல வேண்டும். என்னிடம் வந்தது, மும்பை ஜூஹுவில் இருக்கிற பிருத்வி தியேட்டர் என்ற நாடக அரங்கம் பற்றித் தோழி எழுதியது. “நாடக உலகின் இதயத்துடிப்பு” என்று ஆரம்பிக்கிறாள். 1944இல் கட்டினார்களாம். அங்கே கஃபேயில் கிடைக்கும் ஐரிஷ் காபிக்கு இரண்டு பத்தி, மேடைக்கு ஒரே வரி! உள்ளதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். “அருமை” என்று எழுதினால் பேராசிரியர் என்னைச் சும்மா விடமாட்டார். எங்கிருந்து தொடங்க?

மாட்டுங்கா மாமா:
ஆண்டிலிருந்து தொடங்கும்மா. நடையைப் பற்றிச் சொன்னால் அவள் வாதாடலாம், இதில் முடியாது. 1944இல் நடிகர் பிருத்விராஜ் கபூர் தொடங்கியது ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட குழு. அது 1960இல் நின்றுவிட்டது, அவரும் 1972இல் காலமாகிவிட்டார். ஜூஹு அரங்கம் 1978இல் திறந்தது. மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிஃபர் கெண்டலும் உருவாக்கியது. “1944 என்பது குழுவுக்கா, கட்டடத்துக்கா?” என்று மட்டும் கேள். அவளே தேடிப் பார்த்துத் திருத்திவிடுவாள்.

லைட்டிங் தம்பி:
மேடை பற்றி நிச்சயம் கேளுங்கள். பார்வையாளர்கள் மூன்று பக்கமும் உட்காருகிற மேடை அது, சுமார் இருநூறு பேர்தான். நடிகர் முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். முகத்துக்கு நேரே மட்டும் விளக்கு போட்டால் பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு நடிகரின் பாதி முகம் இருட்டு! கட்டடக்கலைஞர் வேத் சேகன் பெயரும் வர வேண்டும். காபிக்கு ஒரு வரி போதும். (காபி நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.)

கறார் பேர்வழி:
எல்லாவற்றையும் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. “இதயத்துடிப்பு” என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தால் அவர் பெயரோடு போடட்டும், இல்லாவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். மேற்கோள்கள் எங்கிருந்து என்றும் பாருங்கள். அரங்கத்தின் சொந்த இணையதளம் மட்டும் என்றால் போதாது, நாளிதழும் புத்தகமும் வேண்டும்.

செம்பூர்க்காரி:
கட்டுரையைப் பற்றிக் கருத்து எழுதும் பேச்சுப் பக்கத்தில் ஆண்டு, மேடை, மேற்கோள் மூன்றையும் எழுதிவிட்டேன். புகழ்ச்சியை நேரில் சொல்லிக்கொள்கிறேன். மாமா, குழுவுக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா?

மாட்டுங்கா மாமா:
இப்போதைக்கு இதிலேயே “பின்னணி” என்று ஒரு பகுதி போதும். குழுவின் நாடகங்களைப் பற்றித் தனியாக ஆதாரம் சேர்ந்தால் அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.